பன்னிரண்டாவது வரி

சாருலதா அந்த டிவியை முன்கூட்டியே இரண்டு முறை சோதித்துப் பார்த்திருந்தாள். சனிக்கிழமை பிற்பகல் அதை யாரும் நம்பத் தயாராக இல்லை.

சின்னாண்டிக்குப்பம், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் மீனவர் குடியிருப்பு. சுனாமி வந்து இரண்டரை வருடம் ஆகியும் அறுபத்தொரு குடும்பங்கள் தகரக் கொட்டகையில்தான் இருந்தன. சாருலதா வேலை பார்த்த அறக்கட்டளை சவுக்குத் தோப்புக்கு மேற்கே நாற்பத்தெட்டு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் பதின்மூன்று குடும்பங்களுக்கு அடுத்த கட்டத்தில் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த கட்டம் எப்போது என்பது சென்னை அலுவலகத்துக்கே தெரியாது.

அதற்கு முந்தைய வருடம் வலை கொடுக்க வந்த வேறோர் அமைப்பு, பட்டியலை மைக்கில் படித்தது. படித்தவர் நடுவில் பேரை மாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பி, இரண்டு பங்காளி வீடுகள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அதனால் குப்பத்தார் நாட்டார் என்று அழைக்கும் ஊர்த் தலைவர் காசிநாதன் இந்த முறை ஒரே பிடியாக நின்றார்.

"படிக்கிற பேச்சே வேணாம்மா. எல்லாரும் ஒரே நேரத்துல கண்ணால பாக்கணும். எழுத்து தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்குவான்."

"பேப்பர்ல ஒட்டிடலாமே?"

"ஒட்டுனா முன்னாடி நிக்கிறவன் பாப்பான், பின்னாடி நிக்கிறவன் தள்ளுவான். பேப்பர் கிழியும், அப்பால சட்டையும் கிழியும். நம்ம கூடத்துல டிவி கீதே, அதுல போடு."

சமுதாயக் கூடத்தில் இருபத்தொன்பது அங்குல டிவி ஒன்று இருந்தது. சாருலதா புதன்கிழமை அலுவலக லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், ஒரு வயரால் டிவியின் மஞ்சள் துளையில் இணைத்துப் பார்த்தாள். எழுத்துகள் தண்ணீரில் ஊறிய மாதிரி கலங்கித் தெரிந்தன. லேப்டாப்பின் திரை அளவை எண்ணூறுக்கு அறுநூறு என்று குறைத்ததும் எழுத்து பெரிதாகி, ஓரளவு தெளிந்தது. கீழே ஸ்டார்ட் பட்டன் இருக்கும் பட்டை டிவியில் தெரியவில்லை. அது தானாக மறைந்துகொள்ளும் பட்டைதானே என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை மறுபடி போய்ப் பார்த்தபோதும் சரியாகவே இருந்தது. ஆனால் கூடத்தின் கடைசியில் நின்று பார்த்த காசிநாதன், "எழுத்து பொடிசா கீது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து வீடு கிடைப்பவர்களின் பட்டியல் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வீதம் நான்கு பக்கங்களாகப் பிரித்தாள். இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து பெயர், அதற்கடுத்து வீட்டு எண். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது வரி பக்கத்தின் அடி விளிம்பைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டாள். லேப்டாப்பில் அது அழகாகத்தான் இருந்தது. டிவியில் அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, சனத்தைப் பார்த்தபடி சாருலதா உட்கார்ந்தாள். டிவியின் முகம் சனத்தை நோக்கி இருந்ததால் அவளுக்குத் தெரிந்தது லேப்டாப் திரை மட்டுமே. மகளிர் குழுத் தலைவி சகுந்தலா முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

முதல் பக்கம் வந்ததும் கூச்சல். அவரவர் பெயரை அவரவர் பிள்ளை உரக்கப் படித்தது. ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். காசிநாதன் கையை ஆட்டி அடக்கிய பிறகு அடுத்த பக்கம். பிறகு அடுத்தது. நான்காவது பக்கத்தின் கடைசி வரியில் தனகோடியின் பெயர் இருந்தது. வீட்டு எண் முப்பத்தொன்று. அதைப் பார்த்ததும் சாருலதா கூட்டத்தில் அவளைத் தேடினாள். தனகோடி கூடை தூக்கி மீன் விற்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். அவளுடைய விண்ணப்பத்தைச் சாருலதாவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தாள். தூணோரம் நின்றிருந்தவளைக் கண்டதும் சாருலதா சிரித்தாள். தனகோடி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பதிலுக்குச் சிரிக்கவில்லை. இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

சந்தோஷத்தில் வாய் வரவில்லை போல என்று சாருலதா நினைத்துக்கொண்டாள்.

சகுந்தலா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "மேடம், இன்னொரு பக்கம் கீதா?"

"இல்ல, அவ்வளவுதான்."

"நாப்பத்திநாலு பேருதான் வந்துகீது. நான் ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்."

"நாற்பத்தெட்டு இருக்கே."

"எங்க கீது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஏசுதாஸ். படகு எஞ்சின் ஓட்டுபவன், ஊரில் பெரிய குரல் அவனுடையதுதான். "நாப்பத்தெட்டு வூடு கட்றாங்க. பேரு நாப்பத்திநாலு. மீதி நாலு வூடு யாருக்கு? ரிசார்ட்டுக்காரனுக்கா?"

கூடம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. சாருலதாவுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. "உங்க பேரு இருக்கே அண்ணா, ரெண்டாவது பக்கத்துல. நீங்க பாக்கலையா?" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கி அவன் பக்கம் திருப்பினாள். "இதோ, இந்தப் பக்கம் தனகோடி பேரு பாருங்க, கடைசில."

அவன் முன்னால் வந்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான். டிவியில் பதினோரு வரிதான் இருந்தது. பதினோராவது வரியின் கீழே திரையின் கருப்பு விளிம்பு.

"டிவில இல்லாத பேரு இதுல எப்பிடி வந்துச்சு? கத்தினதும் டைப் அடிச்சுட்டியா?"

"ஐயோ, இல்லண்ணா..."

"நாங்க இன்னா கேணையனுங்களா?"

சாருலதா எழுந்து வந்து முதல் தடவையாக டிவியைப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி இல்லை. இடது ஓரத்தில் வரிசை எண்களும் இல்லை. எண்கள் இருந்திருந்தால் பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று வருவதை யாராவது கவனித்திருப்பார்கள். படம் டிவியை விடப் பெரிதாகப் போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. திரும்பி மேசைக்குப் போய்க் கையை லேப்டாப் மேல் வைக்கப் போனாள்.

"கை வெக்காத!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

காசிநாதன் எழுந்தார். இரண்டு பக்கத்தையும் பேசவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பொட்டி அப்பிடியே இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது. மேடமும் தொடக்கூடாது. ஏசு, நீயே பக்கத்துல குந்திக்க. டிவி கோளாறுன்னா டிவி மெக்கானிக்கு வந்து சொல்லட்டும்."

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த முனீருக்குப் போன் போட்டார்கள். கையில் ஒரு வேலை இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் வருகிறேன் என்றார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏசுதாஸ் மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, லேப்டாப்பையே பார்த்தபடி உட்கார்ந்தான். சாருலதா சுவரோரம் நின்றாள். யாரும் அவளுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் வந்தால் முதலில் டீ வரும் ஊர் அது.

மூன்று மணிக்குக் கரன்ட் போயிற்று. மின்விசிறி நின்று, டிவி அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

சாருலதாவுக்கு அந்தப் பேட்டரியின் லட்சணம் தெரியும். அரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். அது அணைந்துவிட்டால் மறுபடி திறக்க வேண்டும், பட்டியலை மறுபடி போட வேண்டும். அப்புறம் எத்தனை பேர் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது. காசிநாதனிடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"அணைஞ்சா அணையட்டும்" என்றான் ஏசுதாஸ். அவனுக்கும் காதில் விழுந்திருந்தது.

"அணைஞ்சா உன் பேரும் போயிடும்டா" என்றார் காசிநாதன். "அதுல உன் பேரு கீதுன்னு அவங்க சொல்றாங்க. நெசமா பொய்யான்னு தெரிய வேணாமா உனக்கு?"

அதற்குப் பிறகு ஏசுதாஸ் லேப்டாப்பைப் பார்த்த பார்வை கொஞ்சம் வேறாக இருந்தது.

முனீர் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கியபோது கரன்ட் வரவில்லை. தோளில் ஒரு பை, ஐம்பது வயதுக்கு நரைத்த தாடி. கூட்டத்தைப் பார்த்ததும், "இன்னா, யாராச்சும் மவுத்தா?" என்று சாவு விசாரிப்பது போலக் கேட்டார். விஷயத்தைச் சகுந்தலா சொன்னாள். அவர் அணைந்திருந்த டிவியைச் சுற்றிவந்து வயரைப் பார்த்தார். லேப்டாப்பைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஸ்டார்ட் பட்டன் டிவில தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல பாய். தானா மறையறதுன்னு நெனச்சேன்."

"நாலு ஓரமும் போயிருக்குமே."

"இடது பக்கம் நம்பர் போச்சு. கீழ ஒரு வரி போச்சு."

முனீர் தலையாட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "எந்த டிவியும் வர்ற படத்த முழுசாக் காட்டாது. சுத்தி ரெண்டு விரக்கடை ஃபிரேமுக்குள்ள போயிடும். கம்பெனிலயே அப்பிடித்தான் வெச்சு அனுப்புறான். உங்க வூட்டு டிவியும் அப்பிடித்தான். சினிமா பாக்கறப்ப ஓரத்துல கொஞ்சம் வானம் போச்சுன்னா எவன் கேக்கப் போறான்? இந்தம்மா ஓரத்துல பேர எழுதிட்டாங்க."

"பாய்க்கு அறக்கட்டளைக்காரங்க இன்னா குடுத்தாங்க?" என்றான் ஏசுதாஸ்.

"நீங்கதாம்பா எனக்குப் போன் போட்டீங்க." முனீர் கோபப்படவில்லை. "லேப்டாப்புல ஒரு நிமிஷ வேலை. எழுத்தச் சின்னதாக்குனா உள்ள வந்துடும். ஆனா அதத் தொடக்கூடாதுன்றீங்க. சரி, நான் தொடல. நீயே காவல் குந்திக்க. நான் டிவியத்தான் சரிபண்ணப் போறேன், அதுவும் ரிமோட்டால. கரன்ட் வரட்டும்."

கரன்ட் மூன்று இருபத்தெட்டுக்கு வந்தது. லேப்டாப்பின் மூலையில் பேட்டரி விளக்கு அதற்கு முன்பே சிவப்பாகி மினுக்க ஆரம்பித்திருந்தது. சாருலதா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

முனீர் டிவியைப் போட்டார். பதினோரு வரி மறுபடி வந்தது. ரிமோட்டில் நான்கு பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தினார். திரையின் நடுவில் பச்சை எழுத்தில் ஏதோ ஒரு பட்டியல் திறந்தது. வீட்டில் யாரும் பார்த்திராத பட்டியல் அது. அதில் உயரம் என்ற இடத்துக்குப் போய் நின்றார். நாற்பத்தாறு என்றிருந்தது.

"ஏசு, யாராச்சும் பொட்டியத் தொடறாங்களா?"

"இல்ல."

"பாத்துகினே இரு."

நாற்பத்தைந்து. நாற்பத்துநான்கு. ஒவ்வோர் அழுத்தலுக்கும் படம் அரிசி மணி அளவு சுருங்கியது. கூட்டம் எழுந்து முன்னால் வந்தது. நாற்பத்தொன்றில் பதினோராவது வரிக்குக் கீழே ஏதோ புள்ளிகள் மாதிரி தெரிந்தன. நாற்பதில் 'டி'யின் தலைச் சுழி. முப்பத்தெட்டில் பாதி எழுத்துகள் வந்தன. கடலில் இடுப்பளவு நிற்கிற ஆள் கரைக்கு நடந்து வருவது மாதிரி, முழுப் பெயரும் ஏறி வந்து நின்றது.

"தனகோடி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

முனீர் அகலத்துக்குப் போனார். இடது பக்கத்திலிருந்து எண்கள் வந்தன. முப்பத்தேழில் தொடங்கி நாற்பத்தெட்டில் முடிந்தன. சகுந்தலா தன் நோட்டைத் திறந்து பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினாள்.

ஏசுதாஸ் லேப்டாப்பையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான். "முன் பக்கத்துக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"மேல் பார்த்த அம்புக்குறி இருக்கு பாருங்க, அத ஒரு தடவை அழுத்துங்க" என்றாள் சாருலதா நின்ற இடத்திலிருந்தே.

கயிறு இழுத்துக் காய்த்த விரல். ஒரு தடவை அழுத்தினான். மூன்றாவது பக்கத்தின் அடியில் வேறொருவர் பெயர் வந்தது. அந்த ஆளின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை அழுத்தினான். இருபத்துநான்கு, ஏசுதாஸ், வீட்டு எண் ஒன்பது.

அவன் சாருலதா பக்கம் திரும்பினான்.

"முன்னாடியே இத முழுசாப் பாத்துட்டு வந்திருக்கணும் இல்ல மேடம்?"

"பாத்திருக்கணும். என் தப்புதான்."

"இன்னா பேஜாரு பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தான். அந்த நாற்காலியை யாரோ சாருலதாவிடம் நகர்த்தினார்கள். அவள் உட்காரவில்லை.

"தனகோடி எங்க?"

கொட்டகைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பூட்டியிருக்கிறது என்றார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரி, அவள் பெண்களையும் ஒரு துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு மதுராந்தகம் போகிறேன் என்று கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது என்றாள். அங்கே நெல் மண்டியில் அவள் அண்ணன் இருந்தான். வீடு இல்லையென்றால் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மண்டியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று அவன் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளிடம் போன் கிடையாது.

சாருலதா ஸ்கூட்டியை எடுத்தாள். சகுந்தலா கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள், நோட்டோடு. ஏறும் முன், அதில் நாற்பத்தெட்டாவது பெயருக்குக் கீழே காசிநாதனிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் அவர்கள் இல்லை. செங்கல்பட்டு பஸ் அப்போதுதான் போயிற்று என்று பழக்கடைக்காரர் சொன்னார். சாருலதாவின் வீடு அங்கிருந்து இரண்டு தெருதான். அவள் வண்டியை நிறுத்தவில்லை. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. மதுராந்தகம் பஸ்கள் நிற்கும் இடத்தில், சிமென்ட் திட்டில் மூட்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று பெண்கள் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தனகோடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய், உன் பேரு கீதுடி!" என்று சகுந்தலா வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கத்தினாள். "நாப்பத்தெட்டாவது!"

தனகோடி முகம் மாறவில்லை. "கடேசி வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான வந்தேன். எங்க பெரியவ ஒண்ணு விடாமப் படிச்சா. உன் பேரு வந்துச்சு. போ, நல்லா இரு."

"டிவி அடி வரிய முழுங்கிடுச்சுடி. உன்னிது, ஏசுவுது, இன்னும் ரெண்டு பேரு. முனீர் பாய் வந்து டிவியச் சின்னதாக்குனாரு. எல்லாரும் பாத்தோம்."

தனகோடி சாருலதா பக்கம் திரும்பினாள். "நீ என்னப் பாத்து சிரிச்சியே, எதுக்கு?"

"உங்க பேரு வந்துடுச்சுன்னு சிரிச்சேங்க்கா. எனக்கு லேப்டாப்புல தெரிஞ்சுது. உங்களுக்கு டிவில தெரியலன்னு எனக்குத் தெரியாது."

"நான் வேற மாதிரி நெனச்சேன். பாரம் எழுதிக் குடுத்து ஏமாத்திட்டு, மூஞ்சியப் பாத்து சிரிக்கிறாளேன்னு. குப்பத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் உன்னத் திட்டிகினேதான் வந்தேன்."

"பரவால்லக்கா."

"நல்லா கேவலமாத் திட்டினேன்."

"பரவால்ல."

சகுந்தலா நோட்டைப் பெரியவளிடம் நீட்டினாள். அவள் பன்னை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிப் படித்தாள். "அம்மா, முப்பத்தொண்ணு" என்றாள். "நாட்டார் கையெழுத்து போட்டுகீறாரு."

மதுராந்தகம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். தனகோடி பஸ்ஸைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பிறகு திட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பஸ் போய்விட்டது. அழுது முடித்ததும் பெரியவளிடம் அண்ணன் மண்டி நம்பரைக் கேட்டு, எதிரே இருந்த போன் கடைக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்களைச் சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சகுந்தலாவும் அதிலேயே ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கையெழுத்திட்ட பட்டியலைக் காகிதத்தில், நான்கு பக்கமும் நல்ல இடம் விட்டு, சாருலதா கூடத்தின் கதவில் ஒட்டினாள். யாரும் தள்ளவில்லை. எல்லாரும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில், கோளாறு டிவியுடையது என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டு, இறுதிப் பக்கங்களை நான் டிவியில் சோதிக்கவில்லை என்று எழுதினாள். மேலதிகாரி ஒரு வரி கண்டித்து எழுதினார். அதோடு முடிந்தது.

டிவியில் படத்தைச் சுற்றிக் கருப்புப் பட்டை விழுகிறது, ஹீரோ குள்ளமாகிவிட்டார் என்று குப்பத்தார் புகார் சொல்ல, அந்த வாரமே முனீர் வந்து பழைய அளவுக்கு ஏற்றிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் சாவி கொடுத்தார்கள். ஏசுதாஸ் ஒன்பதாம் எண்ணுக்குக் குடிபோனான். சாருலதாவைப் பார்த்தால் தலையசைப்பான், அதற்கு மேல் பேச மாட்டான். முப்பத்தொன்றாம் வீட்டில் கழிவுநீர்க் குழாய் முதல் மாதமே அடைத்துக்கொண்டது. தனகோடி மீன் கூடையோடு நேராக அலுவலகத்துக்கு வந்து, என்ன லட்சணத்தில் வீடு கட்டியிருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் சத்தம் போட்டாள். சாருலதா எதிரே உட்கார்ந்து, அவள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.